28-இல் தொடங்கும் ரெஞ்சில் 24 வைத்தால்: வீட்டு பைக் வேலைக்கு டார்க் ரெஞ்ச் தேர்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி: ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின், அலுமினிய கிராங்க்கேஸ். வேலை: எஞ்சின் ஆயில் மாற்றம். கருவி: அப்போதுதான் வாங்கிய கிளிக் வகை டார்க் ரெஞ்ச், அதாவது வைத்த முறுக்குவிசை வந்ததும் "கிளிக்" என்று சொல்லும் ரெஞ்ச். ட்ரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை) அரை இஞ்ச், அளவு 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் (இனி நி.மீ.). சேதம்: எஞ்சினின் அடியில் ஆயில் வடிக்க இருக்கும் எம்12 (12 மி.மீ. விட்டம்) ட்ரெயின் போல்ட்டின் மரை போய்விட்டது. போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது, இறுகவில்லை.

வண்டிக்காரர் அவசரக்காரர் அல்ல. சர்வீஸ் மானுவலைப் பக்கத்தில் விரித்து வைத்து, அதில் போட்டிருந்த 24 நி.மீ. என்ற எண்ணைப் பார்த்துதான் வேலை செய்திருக்கிறார். கைக்கணக்கில் இறுக்கி மரையைக் கெடுத்துவிடக் கூடாது என்றுதான் டார்க் ரெஞ்சே வாங்கினார். அப்படி வாங்கிய கருவியாலேயே மரை போனதால்தான் இதை எழுதத் தோன்றியது.

போனில் அவர் சொன்னது: "அண்ணே, 24-தான் வெச்சேன். கிளிக் வரவே இல்லை. வரும் வரும்னு இழுத்தேன், திடீர்னு கை லேசாயிடுச்சு."

"ரெஞ்சைத் தொடாதே தம்பி. எந்த அளவில் இருக்கோ அப்படியே கொண்டு வா. போல்ட்டையும் துடைக்காதே" என்றேன். அவர் அப்படியே செய்ததால்தான் பின்னால் வரும் பாதி விஷயங்கள் தெரியவந்தன.

சந்தேகங்கள்

முதல் சந்தேகம் அலகுக் குழப்பம். இந்த வகை ரெஞ்சுகளில் ஒரு பக்கம் நி.மீ. அளவும் மறுபக்கம் ஃபுட்-பவுண்டு அளவும் பொறித்திருக்கும். 1 ஃபுட்-பவுண்டு என்பது 1.356 நி.மீ. ஆகவே 24 என்ற எண்ணைத் தவறான பக்கத்தில் வைத்தால் போல்ட்டுக்கு 32.5 நி.மீ. போகும். பழைய மானுவல்களில் கிலோகிராம்-விசை மீட்டர் என்ற அலகும் உண்டு. அதில் இதே போல்ட்டுக்கு 2.4 என்று போட்டிருக்கும், 9.81-ஆல் பெருக்கினால் சுமார் 24 வரும். ஆனால் இங்கே அந்தக் குழப்பம் நடக்கவில்லை. வைத்திருந்தது நி.மீ. பக்கத்தில்தான்.

எப்படி வைத்திருந்தார் என்பதில்தான் விஷயம் இருந்தது. ரெஞ்சின் குழாயில் 28, 42, 56 என்று பதினான்கு பதினான்காகக் கோடுகள். கைப்பிடியின் விளிம்பில் 14 பிரிவுகள். ஒரு முழுச் சுற்றுக்கு 14 நி.மீ. கூடும். கைப்பிடி விளிம்பு 28 கோட்டையும் தாண்டிக் கீழே இறங்கி, விளிம்பில் 10 என்ற பிரிவு நடுக்கோட்டுக்கு நேராக நின்றது. அதாவது 28-இலிருந்து நான்கு பிரிவு பின்னால் திருப்பியிருக்கிறார். 14-உம் 10-உம் 24. கூட்டல் கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த இடத்தில் குழாயில் கோடே கிடையாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது ஏன் வேலைக்கு ஆகாது என்பது புரியும். குழாய்க்குள் நீளமான சுருள்வில் ஒன்று இருக்கிறது. கைப்பிடியைத் திருகும்போது அந்த வில் அமுங்குகிறது. வில்லின் நுனி ஒரு சிறு கட்டையைத் தள்ளுகிறது. அந்தக் கட்டைக்கு எதிரே ராட்செட் தலையின் வால் பகுதி அணைந்து நிற்கிறது. நாம் இழுக்கும் விசை வில்லின் அழுத்தத்தை மிஞ்சும்போது கட்டை சாய்கிறது, வால் நழுவிக் குழாயின் சுவரில் போய் இடிக்கிறது. அந்த இடிதான் நமக்குக் கேட்கும் கிளிக். இடிக்கும் வேகம் அமுங்கிய வில்லிலிருந்து வருகிறது. 150-இல் வைத்தால் உள்ளங்கையில் தட்டு விழுவது போல் தெரியும். அளவின் அடியில் வில் கிட்டத்தட்ட தளர்ந்தே கிடக்கிறது. உள்ளே இருக்கும் கிரீஸின் பிடிப்பும் உலோகங்களின் உராய்வும் வில்லின் விசையோடு போட்டிபோடும் நிலை. அங்கே கிளிக் வந்தாலும் மெல்லிசாக வரும், ஒருமுறை வந்த இடத்தில் அடுத்த முறை வராது. 28-க்கும் கீழே போனால் வருமா என்பதே நிச்சயமில்லை.

வாளிச் சோதனை

இரண்டாவது சந்தேகம் கருவியே பழுதோ என்பது. விலை குறைந்த ரெஞ்ச் என்றால் பலரும் முதலில் சொல்வது இதைத்தான். சோதிக்கப் பெரிய ஏற்பாடு வேண்டாம்: ஒரு வைஸ், ஒரு பெரிய போல்ட், வாளி, தண்ணீர், டேப், ஒரு தராசு.

போல்ட்டைப் படுக்கைவாட்டில் வைஸில் கடித்து, அதன் தலையில் சாக்கெட்டையும் ரெஞ்சையும் மாட்டினோம். கைப்பிடி தரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீட்டி நிற்க வேண்டும். பிடியின் நடுவில் ஒரு வளையக் கோடு உண்டு. கை அங்கேதான் அழுத்த வேண்டும் என்பதற்கான குறி. ட்ரைவின் மையத்திலிருந்து அந்தக் கோடு வரை அளந்தால் 40 சென்டிமீட்டர். கோட்டில் கயிறு கட்டி வாளியைத் தொங்கவிட்டு, மக்கில் மொண்டு மெதுவாகத் தண்ணீர் ஊற்றினோம். கிளிக் வந்ததும் வாளியை இறக்கி எடை போட்டோம். 40 சென்டிமீட்டரில் ஒவ்வொரு கிலோவும் 3.92 நி.மீ. தரும்.

ரெஞ்சின் சொந்த எடையையும் சேர்க்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அதற்கும் சுலப வழி இருக்கிறது. ட்ரைவ் முனையை ஒரு கட்டையின் விளிம்பில் தாங்கவிட்டு, பிடியின் கோட்டைச் சமையலறைத் தராசின் மேல் வைத்தால் தராசு காட்டும் எடைதான் கூட்ட வேண்டிய எடை. இதற்கு 650 கிராம் வந்தது.

முதலில் ரெஞ்சை அதன் உச்ச அளவில் வைத்து ஐந்து முறை கிளிக் செய்ய வைத்தோம். நெடுநாள் பெட்டியில் கிடந்த ரெஞ்சில் கிரீஸ் ஓரிடத்தில் ஒதுங்கியிருக்கும், முதல் சில கிளிக்குகளை நம்ப முடியாது. அளவுக்கூடங்களிலும் சோதனைக்கு முன் இப்படித்தான் பழக்குகிறார்கள்.

100-இல் வைத்தபோது வாளியின் எடை 25.2 கிலோவில் கிளிக் வந்தது. ரெஞ்சின் பங்கையும் சேர்த்தால் 101.4 நி.மீ. பிரமாதம். 60-இல் வைத்தபோது 61.8, மூன்று சதவீதம் கூடுதல், குறை சொல்ல ஒன்றுமில்லை. 30-இல் வைத்தபோதுதான் கதை மாறியது. 7 கிலோவில் வர வேண்டிய கிளிக் 8.7 கிலோவில் வந்தது. கணக்குப் போட்டால் 36.7 நி.மீ., அதாவது 22 சதவீதம் அதிகம். சத்தமும் காதை அருகில் வைத்தால்தான் கேட்டது. கடைசியாக வண்டிக்காரர் வைத்திருந்த அந்த 24-க்குப் போனோம். அங்கே ஒருமுறை 29-இல் நழுவியது, இன்னொரு முறை 38 வரை போனது. இரண்டிலும் சத்தமே இல்லை. கைப்பிடி ஒரு நூலளவு இறங்கியதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

ஆக, கருவி பழுதில்லை. தன் எல்லைக்குள் அது சொன்னதைச் செய்கிறது. டார்க் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 6789 தரத்தின் 2003 பதிப்பு (2017-இல் மாற்றப்பட்டது), இத்தகைய ரெஞ்சுகளைச் சோதிக்க மூன்று புள்ளிகளைச் சொன்னது: உச்ச அளவில் 20 சதவீதம், 60 சதவீதம், 100 சதவீதம். 10 நி.மீ.-க்கு மேல் உச்சம் கொண்ட கிளிக் ரெஞ்சுக்கு அந்த எல்லைக்குள் அனுமதிக்கும் விலகல் 4 சதவீதம். 210-இல் 20 சதவீதம் எவ்வளவு? 42. பெட்டியின் மேல் "28–210" என்று பெரிதாகவும் "±4%" என்று பக்கத்திலும் அச்சிட்டிருந்தால், வாங்குகிறவர் 28-இலும் அந்த நான்கு சதவீதம் கிடைக்கும் என்றுதான் எடுத்துக்கொள்வார். கோடு 28-இலேயே தொடங்கினாலும் நம்பிக்கை 42-இல்தான் தொடங்குகிறது. அப்படிப் பார்த்தால் 24 என்பது இரண்டு எல்லைக்கும் வெளியே.

மரை சொன்னது

மூன்றாவது சந்தேகத்தை விட்டுவிட்டால் கருவியின் மேல் அநியாயமாகப் பழி போட்டதாகும். எம்12 போல்ட்டின் நல்ல மரை, அலுமினியமாகவே இருந்தாலும், 38 நி.மீ.-க்கெல்லாம் சட்டென்று போய்விடாது. கழற்றிய போல்ட்டைப் பார்த்தபோது அதன் பள்ளங்களில் அலுமினியம் நாடா போலச் சுருண்டு ஒட்டியிருந்தது. அந்த நாடாவை ஊசியால் கிளப்பி வெளிச்சத்தில் பார்த்தோம். ஒரு பாதி பளபளவென்று, அன்றுதான் கிழிந்தது போல் இருந்தது. மறுபாதி பழைய ஆயில் ஏறிக் கறுத்துப் போயிருந்தது. அதாவது பாதி மரை எப்போதோ செத்துவிட்டது. மிச்சமிருந்த பாதியில்தான் போல்ட் இத்தனை நாளும் நின்றிருக்கிறது. வாஷரும் அதையே சொன்னது: ஒருமுறை நசுங்கினால் மாற்ற வேண்டிய அலுமினிய வாஷரில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு வட்டத் தடங்கள். நசுங்கிய வாஷரையே திரும்பப் போடும்போது கசிவு வரும், கசிவை நிறுத்த இன்னும் கொஞ்சம் இறுக்குவார்கள், மரை இன்னும் கொஞ்சம் கெடும். எத்தனை கைகள் இதைச் செய்தன என்று யாருக்குத் தெரியும்.

இதோடு கைப்பிடியின் நீளமும் சேர்ந்துகொண்டது. 40 சென்டிமீட்டரில் 24 நி.மீ. தர வேண்டுமானால் சுமார் 6 கிலோ இழுப்பு போதும். இரண்டு விரல் வேலை. அதே கையால் 15 கிலோ இழுத்தால் 59 நி.மீ. ஆகிவிடும், ஆனால் இழுப்பவருக்குப் பெரிதாக இழுத்ததாகவே தெரியாது. கிளிக்குக்காகக் காத்திருக்கும் கை தன் சொந்த உணர்வை அணைத்து வைத்துவிடுகிறது. சாதாரணக் குட்டை ஸ்பேனரால் இறுக்கியிருந்தால், பாதி செத்த மரை "மெத்து மெத்து" என்று இருப்பதைக் கை பிடித்திருக்கும் என்பது என் எண்ணம்.

நான்கு சதவீதமா, ஒரு சதவீதமா

"அப்போ நல்ல விலையுள்ளதா, ஒரு சதவீதம் துல்லியமுள்ளதா வாங்கிடலாமாண்ணே?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காரணம் போல்ட்டிலேயே இருக்கிறது.

நாம் போல்ட்டுக்குக் கொடுக்கும் முறுக்குவிசையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் விசையாக மாறுகிறது. பாதிக்குக் கிட்ட தலைக்கு அடியில் உராய்வாகப் போகிறது, மீதி மரைகளில் உராய்வாகப் போகிறது. ஆகவே உராய்வு கொஞ்சம் மாறினாலும் பிடி நிறைய மாறும். எம்8 போல்ட் ஒன்றை 25 நி.மீ.-இல் இறுக்குவதாக வைத்துக்கொள்வோம். உலர்ந்த மரைக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் முறுக்குக் கெழு (எல்லா உராய்வையும் சேர்த்துக் குறிக்கும் "நட் ஃபேக்டர்") 0.2. முறுக்குவிசையைக் கெழுவாலும் விட்டத்தாலும் வகுத்தால் சுமார் 15,600 நியூட்டன் பிடி கிடைக்கிறது. அதே போல்ட்டில் ஆயில் பட்டு கெழு 0.14-க்கு இறங்கினால் பிடி 22,300 ஆகிவிடும். 8.8 என்ற வலிமைத் தர எம்8 போல்ட்டின் தாங்கு எல்லை சுமார் 21,200 நியூட்டன். ரெஞ்ச் துல்லியமாக 25-இல் கிளிக் செய்தும், ஒரு சொட்டு ஆயில் போல்ட்டை எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டது.

இந்த 40 சதவீத ஆட்டத்துக்கு முன்னால் ரெஞ்சின் நான்கு சதவீதம் எம்மாத்திரம்? வீட்டு வேலைக்கு ஒரு சதவீதத் துல்லியத்துக்குக் கொடுக்கும் காசை மரையைத் துடைக்கும் பிரஷுக்கும் புது வாஷருக்கும் கொடுக்கலாம். மானுவல் ஆயில் தடவச் சொன்ன இடத்தில் தடவ வேண்டும், சொல்லாத இடத்தில் துடைத்து உலர்த்தி மாட்ட வேண்டும். ஸ்பார்க் பிளக் மரையில் வழக்கமாகவே கிரீஸ் தடவுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

விலை குறைந்த ரெஞ்சைத் தேர்ந்தெடுக்கும்போது துல்லியத்தை விட அளவு எல்லையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். எல்லை சரியாக அமைந்தால் சாதாரண நான்கு சதவீத ரெஞ்ச் தாராளம். தவறான எல்லையில் எவ்வளவு விலை கொடுத்த ரெஞ்சும் இப்படித்தான் சத்தமில்லாமல் நழுவும்.

எந்த போல்ட்டுக்காக வாங்குகிறோம்

மானுவலைத் திறந்து, வீட்டில் அவர் உண்மையில் கழற்றி மாட்டும் போல்ட்டுகளை மட்டும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். எஞ்சினைப் பிரிக்கப் போவதில்லை என்றால் அந்த வரிகள் வேண்டாம். எழுதி முடித்ததும் வந்த படம் இது. எஞ்சின் மூடிகள், கிளட்ச் மூடி, டேப்பெட் மூடி ஆகியவற்றின் எம்6 போல்ட்டுகள் எல்லாம் 10 முதல் 12. ஸ்பார்க் பிளக் 12-ஐ ஒட்டி. ட்ரெயின் போல்ட் 24. ஹேண்டில்பார் பிடிப்பும் மற்ற எம்8 போல்ட்டுகளும் 22 முதல் 27. பிரேக் காலிபர் 30. அதற்கு மேல் இருந்தவை முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், பின் ஸ்ப்ராக்கெட் நட்டுகள். ஆக்ஸில்கள் 60-உம் 88-உம். வண்டிக்கு வண்டி எண்கள் மாறும், ஆனால் வடிவம் ஏறக்குறைய இதேதான்: கூட்டம் முழுக்க 10-க்கும் 30-க்கும் நடுவே, மேலே தனியாக ஒருசில பெரிய நட்டுகள்.

அவர் முதல் ரெஞ்சை வாங்கியது அந்தப் பெரிய நட்டுகளை நினைத்து. ஆக்ஸில் கழன்றால் உயிர் போகும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் ஆக்ஸில் நட் எஃகின் மேல் எஃகு. ஐந்து சதவீதம் கூடக் குறைய இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. பல வண்டிகளில் நட் கழலாமல் குறுக்கே செருகும் காட்டர் பின்னோ தானாகப் பூட்டும் நட்டோ வேறு இருக்கிறது. அலுமினியத்தில் போய் உட்காரும் எம்6, எம்8 போல்ட்டுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே நழுவினால் கிராங்க்கேஸ்.

ஆக்ஸிலுக்கு டார்க் ரெஞ்ச் இல்லாமலே சமாளிக்க ஒரு வழி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பயணப் பெட்டியை எடை போடும் கொக்கித் தராசு இருந்தால் போதும். நீளமான ராட்செட் கைப்பிடியில் மையத்திலிருந்து 40 சென்டிமீட்டரில் குறி போட்டு, அங்கே கொக்கியை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுத்தால், தராசு 22.4 கிலோ காட்டும்போது 88 நி.மீ. கோணம் கொஞ்சம் சாய்ந்தால் விசை குறையும், அதனால் நேராக இழுக்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய அளவுகளில் இந்த முறை நம்பகமாக வேலை செய்கிறது. சின்ன அளவுகளில், அதுவும் எஞ்சினுக்கு அடியில், தராசைப் பார்த்துக்கொண்டே இழுப்பது நடக்கிற காரியமல்ல. ஆகவே கையில் ஒன்றுமே இல்லாதவர் ஒரே ஒரு ரெஞ்ச் வாங்குவதானால், சின்னதைத்தான் வாங்கச் சொல்வேன். கடையில் பெரிதுதான் எளிதில் கிடைக்கும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும் என்பது வேறு.

தேர்வு

3/8 இஞ்ச் ட்ரைவில் 20–110 என்ற ஒன்று அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. "ஒண்ணே எல்லாத்துக்கும் ஆகும்போல இருக்கே." ஆகாது. 110-இல் 20 சதவீதம் 22. எம்6 போல்ட்டுகளும் ஸ்பார்க் பிளக்கும் அப்படியே வெளியே நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒன்று என்று விற்கப்படும் ரெஞ்சில் முதலில் தவறிப்போவது எப்போதும் இந்தச் சின்ன போல்ட்டுகள்தான்.

கால் இஞ்ச் ட்ரைவ் 5–25 நல்ல கருவி. 5-இலிருந்தே நம்பலாம், கைப்பிடி குட்டை, கைக்கு உணர்வு தெரியும். எஞ்சின் வேலையே அதிகம் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் இவரிடம் ஏற்கெனவே இருக்கும் பெரியது 42-க்கு மேல்தான் ஒழுங்கு. 25-க்கும் 42-க்கும் நடுவே பள்ளம் விழுந்துவிடும். அந்தப் பள்ளத்தில் சரியாகக் காலிபர் போல்ட் உட்கார்ந்திருக்கிறது. பிரேக் போல்ட்டை அந்தரத்தில் விட முடியாது.

முள் காட்டும் பீம் வகையைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் வில்லும் இல்லை, கட்டையும் இல்லை. கம்பி வளைகிறது, முள் எண்ணைக் காட்டுகிறது. கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தாலே பாதிச் சோதனை முடிந்தது, முள் நகர்ந்திருந்தால் வளைத்துச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டு திசையிலும் அளக்கும். விலையும் குறைவு. ஆனால் முள்ளை நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். ட்ரெயின் போல்ட்டை இறுக்கும்போது அளவுத் தகடு தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேசையில் வேலை செய்கிறவருக்கு இது தங்கம், தரையில் படுத்து வேலை செய்கிறவருக்குத் தொல்லை.

ராட்செட்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே மாட்டும் டிஜிட்டல் அடாப்டரும் பட்டியலில் இருந்தது. அதில் கவனிக்க வேண்டியது சதவீதம் எதன் மேல் என்பது. காட்டும் அளவில் இரண்டு சதவீதமா, முழு அளவில் இரண்டு சதவீதமா? 200 நி.மீ. அடாப்டரில் முழு அளவின் இரண்டு சதவீதம் என்றால் எங்கே அளந்தாலும் 4 நி.மீ. பிழை வரலாம், எம்6 போல்ட்டில் அது மூன்றில் ஒரு பங்கு. இன்னொன்று, கிளிக் ரெஞ்ச் கையில் ஒரு நழுவலைத் தருகிறது, அடாப்டர் பீப் மட்டும் அடிக்கும். பீப்புக்கும் கை நிற்பதற்கும் நடுவே ஒரு நொடி போய்விடுகிறது.

கடைசியில் எடுத்தது 3/8 இஞ்ச் ட்ரைவ், 10–50 கிளிக் வகை. 50-இல் 20 சதவீதம் 10. அவர் தாளில் இருந்த கூட்டம் முழுக்க உள்ளே வந்துவிடுகிறது, பெரிய ரெஞ்சோடு 42-இல் கைகோத்துக்கொள்கிறது. எம்6 மட்டும் விளிம்பில் நிற்கிறது. எம்5-உம் அதற்குக் கீழும் இருப்பவற்றைக் குட்டைப் பிடியுள்ள ஸ்க்ரூட்ரைவரும் கையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டோம்.

கடையில் பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது கவனித்தவை சில. சோதனைத் தாளில் ரெஞ்சின் மேல் இருக்கும் அதே வரிசை எண் இருக்கிறதா, அந்த ஒரு ரெஞ்சுக்கு எடுத்த அளவீடுகள் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்தோம். எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்கள் அச்சடித்த தாள் என்றால் அது வெறும் தாள். அளவுக் கோடுகள் பொறித்தவையா, ஒட்டியவையா என்பதும் முக்கியம். ஒட்டியது பெட்ரோல் பட்டால் போய்விடும். பூட்டு வளையத்தைப் போட்டபின் கைப்பிடி ஆடக் கூடாது. ராட்செட் தலையின் தடிமனைச் சைலன்சருக்கும் போல்ட்டுக்கும் நடுவே இருக்கும் இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார். இதை நான் சொல்லவில்லை, அவரே செய்தார்.

சோதனையும் பழுதுபார்ப்பும்

புதியதையும் அதே வாளியில் தொங்கவிட்டோம். இதன் பிடிக்கோடு 25 சென்டிமீட்டரில், சொந்த எடையின் பங்கு 420 கிராம். 40-இல் வைத்தபோது 40.5 வந்தது. 24-இல் வைத்தபோது 24.6. 12-இல் வைத்தபோது 12.7 வந்தது, ஐந்தரை சதவீதத்தைத் தாண்டுகிறது. முகம் சுளித்தார். ஆனால் இங்கே வாளியின் பிழையையும் பார்க்க வேண்டும்: 25 சென்டிமீட்டரில் கயிறு 5 மில்லிமீட்டர் தள்ளி நின்றாலே இரண்டு சதவீதம் போய்விடும். அந்த 0.7 நி.மீ.-க்காகக் கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் முடிவு. 12-இலும் கிளிக் தெளிவாகக் கேட்டது, கையிலும் தெரிந்தது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

கிராங்க்கேஸுக்கு ஹெலிகாயில் (போன மரைக்குப் பதில் புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போட்டார்கள். மரை வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி வெளியே எடுத்துத் துடைத்ததால் அலுமினியத் தூள் உள்ளே விழவில்லை. பிறகு மலிவான ஆயில் கொஞ்சம் ஊற்றி வடித்தார்கள். புது வாஷர், துடைத்த போல்ட், புது ரெஞ்சில் 24. இரண்டாவது கால் திருப்பத்திலேயே கிளிக் வந்தது, அதற்கு மேல் இழுக்கவில்லை. கிளிக் வந்தபின் "எதுக்கும் இன்னொண்ணு" என்று மறுபடி இழுப்பது பலருக்குப் பழக்கம். ஒவ்வொரு மறு இழுப்பும் போல்ட்டைக் கொஞ்சம் நகர்த்தக்கூடும்.

பழைய அரை இஞ்ச் ரெஞ்சைத் தூக்கிப் போடவில்லை. 42 கோட்டுக்குக் கீழே சிவப்புப் பெயின்ட் அடித்து, ஆக்ஸிலுக்கென்று ஒதுக்கிவிட்டார். இரண்டு ரெஞ்சையும் வேலை முடிந்ததும் அளவின் மிகக் குறைந்த கோட்டுக்கு இறக்கி வைக்க வேண்டும், அந்தக் கோட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது. வில்லை முழுக்கத் தளர்த்தினால் உள்ளே கட்டை இடம் மாறி உட்கார்ந்துவிடலாம். இறுகிப்போன நட்டைக் கழற்ற இரண்டையும் தொடக் கூடாது, அதற்கு அளவு எதுவும் இல்லாத நீளக் கைப்பிடியான பவர் பார் இருக்கிறது.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி நின்றது. பின் பக்கம் சைலன்சருக்குப் பின்னால் ஒரு போல்ட்டுக்குச் சாக்கெட் போகவில்லை, பக்கவாட்டில் நீளும் கிரோஃபுட் அடாப்டர் போட வேண்டியிருந்தது. நேராக நீளும் எக்ஸ்டென்ஷன் கம்பியால் அளவு மாறாது. ஆனால் ரெஞ்சின் நீளத்தோடு சேர்ந்து முன்னால் நீளும் அடாப்டர் நெம்பும் நீளத்தைக் கூட்டிவிடும். 25 சென்டிமீட்டர் ரெஞ்சில் 5 சென்டிமீட்டர் அடாப்டர் என்றால், வேண்டிய அளவை 25-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்து வைக்க வேண்டும். 24 வேண்டுமானால் 20. அடாப்டரை ரெஞ்சுக்குச் செங்கோணத்தில் திருப்பி மாட்ட இடமிருந்தால் இந்தத் திருத்தம் தேவையில்லை. அவருக்கு இடமிருந்தது.